தண்ணீர் போகும் வழி: பேராக் வீடுகளில் இரண்டாவது குளியலறை

ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்து இன்று குடியிருப்புகளாகிவிட்ட சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் வட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பெரிதாக்க எண்ணும்போது, கூடுதல் படுக்கையறையோடு சேர்த்து, சில வேளைகளில் அதற்கும் முன்பாகவே, நினைப்பது இரண்டாவது குளியலறையைத்தான். அந்த எண்ணம் பெரும்பாலும் டைல்ஸ் கடையில் தொடங்கி, தரையின் நிறத்திலும் குழாயின் பளபளப்பிலும் நெடுநேரம் தங்கி, குழாய் எங்கே போகிறது என்ற கேள்விக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறது. குளியலறை என்பது தண்ணீர் உள்ளே வந்து அழுக்கைச் சுமந்துகொண்டு வெளியேறும் ஓர் அமைப்பு. ஆகவே அது வீட்டின் எந்த மூலையில் அமையலாம் என்பதை வெளியேறும் குழாயும், அதைத் தாங்கும் மண்ணும், ஈரத்தை உலர்த்தும் காற்றுமே தீர்மானிக்கின்றன. இவற்றை முதலில் கவனித்த வீட்டில் டைல்ஸ் தேர்வு அரை நாள் வேலை. கவனிக்காத வீட்டில் அதே டைல்ஸை ஓரிரு ஆண்டுகளில் உடைத்து எடுக்க வேண்டிவரும்.

பேராக் தமிழரின் வீட்டில் குளியலறை இருக்கும் இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து லயங்களில் குளிப்பதும் துவைப்பதும் பொதுக் குழாயடியில் நடந்தன. கழிப்பிடம் வரிசைக்குப் பின்னால், வீட்டை விட்டுத் தள்ளி, பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. அந்த ஏற்பாட்டின் விலையை உடல்கள் கொடுத்தன. மனித மலத்தில் வெளியேறும் கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பொரிய, வெளிவரும் புழுக்கள் அந்த மண்ணை மிதிக்கும் வெறுங்காலின் தோல் வழியே உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. விடியுமுன் செருப்பில்லாமல் பால் வெட்டப் போனவர்களிடம் இரத்தசோகை பரவலாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவரும் மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தனர். அவர்களது அறிக்கை 1920இல் வெளிவந்தது. கழிப்பறையை ஒரு வசதியாக மட்டும் கருதாமல், நோய்க்கும் உடலுக்கும் நடுவே நிற்கும் தடுப்பாகக் கருதும் பார்வை தோட்டங்களில் வேரூன்றுவதற்கு இத்தகைய ஆய்வுகள் துணைசெய்தன.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கி, பெரிய தோட்டங்கள் சிறு பகுதிகளாக விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களுக்கு நகர்ந்தன. அந்த நெருக்கடிக்கு விடையாகவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்ததாலும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதாலும் வெளியேறியவர்களில் பலருக்குக் கிடைத்தவை மலிவுவிலைத் தரைவீடுகள். முன்னால் கூடம், நடுவில் அறைகள், பின்னால் சமையற்கட்டு, அதை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும், அதற்கும் பின்னால் சிறு முற்றமும் பின்சந்தும் என்பது இவ்வகை வீடுகளின் வழக்கமான அமைப்பு. கழிப்பிடம் வரிசைக்குப் பின்னாலிருந்து வீட்டின் பின்பக்கத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். காலையில் ஒரே நேரத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் ஐந்தாறு பேருக்கும், இரவில் இரண்டு மூன்று முறை எழும் பாட்டிக்கும் அந்த ஒரே குளியலறை போதாமற்போனதில் வியப்பில்லை.

எனவே திட்டமிடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டுக் கழிவுநீர் இப்போது எங்கே போகிறது என்பது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. புதிய தாமான்களில் அது தெருவுக்கு அடியில் ஓடும் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பழைய வீடுகளில் அது வீட்டு வளாகத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் செப்டிக் டேங்கில், அதாவது திடக்கழிவு அடியில் படிந்து மக்க, தெளிந்த நீர் மட்டும் வெளியேறும் மூடிய தொட்டியில் விழுகிறது. பழைய வழக்கப்படி மலக்கழிவு மட்டுமே தொட்டிக்குப் போகும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் நேரே திறந்த வடிகாலுக்குப் போய்விடும். பொதுக் குழாய் இணைப்புள்ள வீட்டில் இவை அனைத்தும் அந்தக் குழாய்க்கே போக வேண்டும். ஆனால் கூரையில் விழும் மழைநீரை மட்டும் அதில் விடக் கூடாது. மழைநீர் புகுந்தால் அந்தக் குழாய் கொள்ளளவை மீறித் தெருவில் பொங்கும். கழிவுநீர் மேலாண்மை 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி மன்றங்களிடமிருந்து படிப்படியாக இண்டா வாட்டர் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. இன்று 2006ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையம் அதைக் கண்காணிக்கிறது. செப்டிக் டேங்க் வைத்திருப்பவர் அதில் தேங்கும் கசடைக் குறித்த கால இடைவெளியில் அகற்றுவது சட்டப்படியான கடமை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது இப்போதைய விதி.

பேராக்கில் மட்டுமல்ல, நாடு முழுவதும் வீட்டு விரிவாக்கங்களில் மிகுதியாக நடக்கும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. பின்முற்றம் காலியாக இருப்பதால் சமையற்கட்டை அதன் மேல் நீட்டுகிறார்கள். அந்த முற்றத்தின் அடியில்தான் செப்டிக் டேங்கோ, குழாய்கள் சந்திக்கும் ஆய்வுக்குழியோ இருக்கிறது. மூடி கான்கிரீட்டுக்குள் மறைந்துவிட்டபின் கசடு எடுக்கும் லாரியின் குழாய்க்கு வழியில்லை. அடைப்பு ஏற்பட்டால் புது டைல்ஸ் தரையை உடைப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. இரண்டாவது கழிப்பறை சேர்ந்தால் தொட்டிக்குள் விழும் நீர் அதிகமாகும். படிவதற்குப் போதிய நேரம் கிடைக்காத கழிவு வெளியேறும். ஆகையால் எந்தச் சுவரையும் வரைவதற்கு முன், பழைய தொட்டியின் இடம், அதன் அளவு, ஆய்வுக்குழிகளின் இடம், பொதுக் குழாய் தெருவுக்கு வந்திருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பொதுக் குழாய் வந்திருந்தால், விரிவாக்கத்தோடு சேர்த்தே பழைய தொட்டியைக் காலிசெய்து மூடி, இணைப்பை மாற்றிக்கொள்வதுதான் அறிவார்ந்த வேலை.

அடுத்தது சரிவு. கழிப்பறையிலிருந்து செல்லும் குழாய் வழக்கமாக 100 மில்லிமீட்டர் விட்டமுடையது. அது நாற்பதுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்தால் நீரும் திடக்கழிவும் ஒன்றாக நகரும். அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம். புதிய குளியலறையை ஆய்வுக்குழியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அமைத்தால் 75 மில்லிமீட்டர் போதும். கூடத்தை ஒட்டிய முன்னறையில் அமைக்க ஆசைப்பட்டு எட்டு மீட்டர் தள்ளினால் 200 மில்லிமீட்டர் வேண்டும். ஏற்கெனவே போட்ட தரைக்கு அடியில் அந்த ஆழம் கிடைக்காதபோது, குத்தகையாளர் எளிய வழியாகக் குளியலறைத் தரையையே மேடாக்கிவிடுகிறார்; வாசலில் ஒரு படி உண்டாகிறது. முழங்கால் வலியுள்ள முதியவருக்காகக் கட்டப்படும் குளியலறையின் வாசலில் படி வைப்பது வேடிக்கையான முரண். ஆனால் அது அன்றாடம் நடக்கிறது. பழைய குளியலறைக்கு முதுகு கொடுத்தாற்போல், ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு குளியலறைகளை வைப்பதே குழாய்ச் செலவையும் சரிவுச் சிக்கலையும் குறைக்கும். மாடிவீட்டில் கீழ்க்குளியலறைக்கு நேர்மேலே அமைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்த இடத்தில் தமிழ் வீட்டுக்கே உரிய ஒரு கேள்வி எழும். குழாய்க்கு மலிவான சுவர் சமையற்கட்டுச் சுவர். சில வீடுகளில் அதன் மறுபக்கம் சாமி மேடை இருக்கும். கழிப்பறைச் சுவரில் சாமி படம் மாட்ட எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. சம்மதிக்க வேண்டியதும் இல்லை. கட்டி முடித்தபின் சாமி மேடையை இடம் மாற்றும் சச்சரவைவிட, வரைபட நிலையிலேயே வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுவது செலவில்லாத காரியம்.

பின்முற்றத்தை முழுதும் மூடிக் கட்டுவதில் இன்னொரு கேடு உண்டு: வெளிச்சமும் காற்றும் போய்விடும். பழைய குளியலறையின் சன்னலும் பின்னறையின் சன்னலும் திறந்த வெளியைப் பார்த்தவை. அந்த வெளியின் மேல் கூரை விழுந்ததும் அவை மற்றோர் அறையைப் பார்க்கின்றன. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள், அதாவது நாடெங்கும் ஒரே அளவுகோலாக வகுக்கப்பட்டு மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட விதித்தொகுப்பு, ஒவ்வொரு குளியலறைக்கும் கழிப்பறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் அளவுக்குத் தடையின்றிக் காற்று நுழையும் திறப்பு வேண்டும் என்கின்றன. கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக்கு இரண்டு சதுர மீட்டர் பரப்பும் 0.75 மீட்டர் அகலமும், உயரத்தில் இரண்டு மீட்டரும் குறைந்த அளவுகள். இவை சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவுகளே தவிர, வசதியாகப் புழங்குவதற்கான அளவுகள் அல்ல. ஐந்தடிக்கு எட்டடி என்று குத்தகையாளர்கள் சொல்லும் அறை, ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர், குளிக்கும் பகுதியையும் கழிக்கும் பகுதியையும் ஈரம் கலக்காமல் பிரிக்க ஓரளவு இடம் தரும். இரண்டு பக்கமும் அண்டைவீட்டுச் சுவர் உள்ள வரிசை வீட்டில் காற்றுக்கு வழி மேலிருந்துதான் வர முடியும்: பின்பகுதியில் வானம் தெரியும் ஒரு சிறு வெளியை விட்டு, அதை நோக்கிப் பழைய, புதிய குளியலறைகள் இரண்டின் சன்னல்களையும் திறப்பது. ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகள் நீண்ட ஒடுங்கிய உடலுக்கு நடுவே வானவெளி விட்டுத்தான் வெளிச்சம் பெற்றன. மின்விசிறி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள், வீட்டார் அதை அணைத்தே வைத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மண்ணைப் பற்றிய பேச்சில், ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு மற்ற ஊர்களிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. ஈப்போவைச் சுற்றி எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் தொடர்ச்சியே நகரத்தின் அடியிலும் பாறையாகக் கிடக்கிறது. நீர் அரித்த பள்ளங்களும் குகைகளும் அதில் உண்டு. அந்தப் பாறையின் மேலிருந்த வண்டலைத் தோண்டித்தான் ஈயம் எடுக்கப்பட்டது. தோண்டிய குழிகள் ஈயக்குட்டைகளாயின. கழுவிய மணல் ஒரு பக்கமும், மாவைப் போன்ற நுண்களிமண் சேறு இன்னொரு பக்கமும் ஒதுங்கின. பின்னாளில் இவற்றை நிரப்பிச் சமன்செய்த நிலங்களில் எழுந்த தாமான்கள் ஈப்போவில் பல. மணல் சுமையை உடனே ஏற்று நிற்கும். சேறு ஆண்டுக்கணக்கில் நீரை இழந்து மெதுவாக அமிழும். இரண்டும் ஒரே மனையின் இரு முனைகளில் கிடக்கக்கூடும் என்பதால், ஒரு வீட்டுக்குப் பொருந்திய அடித்தளம் அடுத்த வீட்டுக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. ரப்பர் நின்ற மேட்டு நிலங்கள் இந்த வகையில் பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆனால் அங்கும் பள்ளங்களை வெட்டுமண்ணால் நிரப்பிய மனைகள் இருக்கும்.

இத்தகைய நிலத்தில் பழைய வீடு தன் அடித்தளத்தின் மேல் அமிழ்ந்து முடித்திருக்கும்; புதிதாக ஒட்டவைத்த பகுதி இனிமேல்தான் அமிழத் தொடங்கும். இரண்டையும் கம்பி கட்டி ஒன்றாக இணைத்தால், கீழே இறங்கும் பகுதி மேலே நிற்பதை இழுத்து, சேரும் கோட்டில் வெடிப்பு விழும். வெடிப்பு குளியலறையின் வழியே போனால் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சும் அடுத்துக் குழாயும் முறியும். பொறியாளர்கள் பலர் பரிந்துரைப்பது, புதிய பகுதியைத் தன் தூண்களில் தானே நிற்கும் தனிக் கட்டடமாகக் கட்டி, இடையில் சிறு இடைவெளி விட்டு, அதை அசைவுக்கு ஈடுகொடுக்கும் பொருளால் மூடுவது. அந்த இடைவெளியைக் கடக்கும் கழிவுக்குழாய்க்கும் வளைந்து கொடுக்கும் இணைப்பு போடுவது. மென்மையான மண்ணில் சிறு கட்டடங்களுக்குப் பக்காவ் எனப்படும் சதுப்புநில மரக் கழிகளை அடித்திறக்கும் வழக்கமும் உண்டு. தைப்பிங்குக்கு மேற்கே மாத்தாங் சதுப்புநிலக் காட்டில், முப்பது ஆண்டுச் சுழற்சியில் கரிக்காக மரங்கள் வெட்டப்படுவதற்கு முன், பதினைந்தாம், இருபதாம் ஆண்டுகளில் நெருக்கம் குறைக்க வெட்டப்படும் கழிகளே இவ்வாறு பயன்படுகின்றன. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்றுப்படாமல் மூழ்கியிருக்கும்வரை பக்காவ் கெடாது. நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதி மக்கிவிடும். எனவே அது எல்லா மனைக்கும் ஏற்ற மலிவு மருந்து அல்ல.

அனுமதியைப் பொறுத்தவரை விதி எளிமையானது: 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டவோ விரிவாக்கவோ கூடாது. ஈப்போவில் மாநகர் மன்றமும், பிற இடங்களில் அந்தந்த நகராண்மை அல்லது மாவட்ட மன்றமும் இதைக் கவனிக்கின்றன. வரைபடத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கட்டட வரைவாளரோ தயாரிக்க வேண்டும். சிக்கல் நிலத்தில்தான் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இன்னும் வாழ்பவர் அதில் தன் பணத்தைப் போட்டுக் கட்டினால் அது அவருடையதாகாது. அங்கு போதிய குளியல், கழிப்பு வசதி செய்து தர வேண்டிய கடமை, 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி முதலாளிக்கே உரியது. தோட்டத்தை விட்டு வந்து அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தோடு, அதாவது டி.ஓ.எல். பத்திரத்தோடு வாழும் குடும்பங்களின் நிலை இன்னும் மெலிந்தது: தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தகைய மனையில் கான்கிரீட் தூண் நாட்டுவதற்கு முன், உரிமத்தில் எத்தகைய கட்டடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது, எந்த டைல்ஸைவிடவும் முந்திய செலவு.

இவ்வளவும் தெளிந்தபின் அறையின் உட்புறத்துக்கு வரலாம். வீட்டில் முதியவர் இருந்தால் புதிய குளியலறையை அவருக்காகவே வடிவமைப்பது பொருத்தம்: 900 மில்லிமீட்டர் அகலத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, தரையோடு தரையாக நுழைவு, 450 முதல் 480 மில்லிமீட்டர் உயர இருக்கை, பக்கச் சுவரில் கைப்பிடி. கைப்பிடியைப் பின்னர் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாலும், அதைத் தாங்கும் கெட்டியான சுவரை இப்போதே கட்ட வேண்டும். உள்ளீடற்ற பலகைத் தடுப்பில் மாட்டிய கைப்பிடி விழுபவரோடு சேர்ந்து விழும். குந்தி அமரும் கழிப்பறையே சுத்தம் என்று பழகியவர்களுக்குப் பழைய குளியலறையை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு இருப்பதன் நன்மையே அதுதானே. தொட்டியில் நீர் நிரப்பி மொண்டு குளிக்கும் பழக்கம் உள்ள வீட்டில் தரை எப்போதும் நனைந்திருக்கும் என்பதால், வழுக்காத சொரசொரப்பான டைல்ஸும், தரை நீர்வாயை நோக்கிய நல்ல சரிவும் அங்கு இரட்டிப்பாக அவசியம்.

சுடுநீர்க் கருவியை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடனடியாகச் சூடாக்கும் கருவி 3.6 கிலோவாட் மின்சாரம் இழுக்குமானால், 240 வோல்ட்டில் அது பதினைந்து ஆம்பியர். பழைய மலிவுவிலை வீட்டில் விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட வயரில் அதைச் செருக முடியாது, மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பு வேண்டும். நனைந்த உடல் வழியே மின்சாரம் கசிந்தால் இமைப்பொழுதில் துண்டிக்கும் பத்து மில்லி ஆம்பியர் கசிவுத்துண்டிப்பானைப் பொருத்துவதும், தகுதிபெற்ற மின்பணியாளரிடமே வேலையைக் கொடுப்பதும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கோருவன. இதே எச்சரிக்கை கூரை வேலைக்கும் பொருந்தும்: பழைய வீட்டின் பின்கூரை அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடாக இருந்தால், அதை உடைக்காமல், ஈரப்படுத்தி முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். உடையும்போது பறக்கும் நூலிழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் நோய் தருபவை.

வேலையின் வரிசையில் ஒரு நாள் மட்டும் எவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. நீர்த்தடுப்புப் பூச்சு தரையிலும், குளிக்கும் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கும் பூசப்பட்டு உலர்ந்தபின், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், நீர்வாயை அடைத்து அறையில் நீர் தேக்கி, குறைந்தது இருபத்துநான்கு மணி நேரம் மட்டத்தைக் குறித்து வைத்துப் பார்க்க வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் தீபாவளிக்கு முன் முடித்துத் தரும்படி கேட்பதால், வேலை ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி, பேராக்கில் மழை வலுக்கும் அக்டோபரில் கூரை சேரும் கட்டத்துக்கு வந்து நிற்கிறது; பழைய கூரையும் புதிய கூரையும் சந்திக்கும் கோடு திறந்து கிடக்கும் வாரத்தில்தான் பெருமழை பெய்யும். நீர்தேக்கிச் சோதிக்கும் நாளைத்தான் அப்போது முதலில் வெட்டுகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பீட்டில் மழை குறைந்தவை. பொங்கல் முடிந்தபின் வரைபடத்தை மன்றத்தில் கொடுத்தால், அனுமதி, அடித்தளம், கூரை மூன்றும் முடிந்து, அந்தச் சோதனைக்கு வேண்டிய நாளும் தீபாவளிக்கு முன்னரே கிடைக்கும்.